பழைய ராணுவ ரெக்கரின் கிரேன் எழவில்லையா? தொட்டியிலிருந்து தொடங்குங்கள்

இன்ஜின் நன்றாக ஓடுகிறது. பிடிஓ (இன்ஜினின் சக்தியைக் கிரேன் பம்புக்கு எடுத்துத் தரும் இணைப்பு) லீவரைப் போட்டாயிற்று. மேலே ஏறி உட்கார்ந்து லீவரை இழுத்தால் பூம், அதாவது கிரேனின் நீண்ட கை, அசையவே இல்லை. இல்லையென்றால் ஒரு அடி எழுந்து முனகிவிட்டு நின்றுவிடுகிறது. அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட ரெக்கர் வண்டியை (பழுதான வண்டிகளைத் தூக்கி இழுத்துச் செல்லும் கிரேன் லாரியை) ஏலத்தில் எடுத்தவர்களில் பலர் இந்த இடத்துக்கு வந்து நிற்பார்கள். உடனே மனம் பம்பின் மீதுதான் போகும். "பம்பு போயிடுச்சு" என்று பக்கத்தில் நிற்பவரும் சொல்வார்.

நானும் ஒருமுறை அப்படித்தான் நினைத்தேன். நண்பர் ஒருவரின் எம்543 வண்டிக்கு அடியில் படுத்து, இரண்டு வார இறுதிகள் செலவழித்துப் பம்பைக் கழற்றினோம். பம்பில் ஒரு குறையும் இல்லை. தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸின் உள்ளுறை ரப்பர் பிரிந்து, ஓடும்போது மட்டும் வழியை அடைத்துக்கொண்டிருந்தது. வெளியே பார்த்தால் ஹோஸ் புதிது போலவே இருந்தது. அன்றிலிருந்து ஒரு வரிசையை நான் மாற்றுவதில்லை. எண்ணெய் எந்த வழியாகப் போகிறதோ அதே வழியாகத் தேடிப் போவேன்; அளந்து பார்க்காமல் எதையும் கழற்ற மாட்டேன். இந்தக் கட்டுரை அந்த வரிசைதான்.

எந்த வண்டிகளைப் பற்றிப் பேசுகிறோம்

அமெரிக்க ராணுவத்தின் 5 டன், ஆறு சக்கர இயக்க லாரிகளில் மூன்று தலைமுறை ரெக்கர்கள் உண்டு. 1950களில் வந்த எம்39 வரிசையில் எம்62, எம்543. 1970 முதல் வந்த எம்809 வரிசையில் எம்816. 1980களில் வந்த எம்939 வரிசையில் எம்936. இன்ஜின்கள் மாறிக்கொண்டே வந்தன. எம்543ஏ2 வண்டியில் பலவகை எரிபொருளில் ஓடும் எல்டிஎஸ்-465 இன்ஜின்; எம்816இல் கம்மின்ஸ் என்எச்சி-250. ஆனால் பின்னால் உட்கார்ந்திருக்கும் கிரேனின் அடிப்படை பெரிதாக மாறவில்லை. சுழலும், நீளும், ஏறி இறங்கும் பூம். அதிகபட்சம் 20,000 பவுண்ட், அதாவது சுமார் 9 டன் தூக்கும். வண்டியை இழுத்துச் செல்லும்போது பூம் தாங்கக்கூடியது 7,000 பவுண்ட்தான்.

இயக்குபவர் முன்னால் நான்கு வேலைகளுக்கான லீவர்கள்: பூமை ஏற்றி இறக்க ஒன்று, கொக்கியைத் தூக்க ஒன்று, பூமை நீட்டிச் சுருக்க ஒன்று, சுழற்ற ஒன்று. நீட்டிச் சுருக்குவதை ராணுவக் கையேடுகள் 'கிரவுட்' என்று சொல்லும். அந்தச் சொல்லைத் தெரிந்துவைத்துக்கொண்டால் கையேட்டில் திணற வேண்டியதில்லை.

கையேடு கட்டாயம் வேண்டும். எம்39 வரிசைக்கு டிஎம் (டெக்னிக்கல் மேனுவல்) 9-2320-211, எம்809 வரிசைக்கு 9-2320-260, எம்939 வரிசைக்கு 9-2320-272. கடைசியில் 10 என்று முடிவது ஓட்டுநருக்கு, 20 என்று முடிவது பட்டறைக்கு, 34 என்று முடிவது பெரிய பழுதுக்கு. உங்கள் வண்டிக்கான அழுத்த அளவு, எண்ணெய் வகை இரண்டையும் அதிலிருந்து ஒரு அட்டையில் எழுதித் தொட்டிக்குப் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள். நான் இங்கே அழுத்த எண் எதையும் தரப்போவதில்லை. வண்டிக்கு வண்டி மாறும் எண்ணை வேறு எங்கேயோ படித்து வால்வைத் திருகியவர்களால் வெடித்த ஹோஸ்களைப் பார்த்திருக்கிறேன்.

கை வைப்பதற்கு முன்

சமதளத்தில் நிறுத்துங்கள். பூமை அதன் தாங்கியில் இறக்கி வையுங்கள். கொக்கியில் சுமை எதுவும் இருக்கக்கூடாது. கம்பிவடம் தளர்வாக இருக்கட்டும். பூம் பாதி உயரத்தில் மாட்டிக்கொண்டு இறங்க மறுத்தால், கீழே மரக்கட்டைகளை அடுக்கியோ வேறொரு கிரேனால் பிடித்தோ அதைத் தாங்கிய பிறகுதான் அடுத்த வேலை. எண்ணெயின் பலத்தில் மட்டும் நிற்கும் பூமுக்குக் கீழே யாரும் போகக்கூடாது, ஒரு நொடிக்குக்கூட.

சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். கிரேனை இயக்கும்போது டிரான்ஸ்பர் கேஸ் (கியர்பாக்ஸின் சக்தியை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) நியூட்ரலில் இருக்கும் என்பதால் இன்ஜின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்காது. கைபிரேக் ஒன்றை மட்டும் நம்ப வேண்டியிருக்கும். ஐம்பது வருடப் பழைய வண்டியின் கைபிரேக்கை நான் நம்புவதில்லை.

எந்த இணைப்பைத் திறப்பதற்கு முன்னும் இன்ஜினை அணைத்துவிட்டு எல்லா லீவர்களையும் முன்னும் பின்னும் நாலைந்து முறை ஆட்டுங்கள். உள்ளே அடைபட்ட அழுத்தம் அப்போதுதான் இறங்கும். எண்ணெய் ஆறட்டும்.

இன்னொன்று, மிக முக்கியமானது. கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். ஊசித்துளை வழியாகப் பீறிடும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது, கையுறையையும் தோலையும் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள், கசிவு அதில் ஈரக்கோடு போடும். விரலில் பட்டுவிட்டால் சிறு முள் குத்தியது போலத்தான் இருக்கும், வலிகூட அதிகம் இருக்காது. அதை நம்பி வீட்டில் இருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போய் "அழுத்தத்தில் எண்ணெய் உள்ளே ஏறியிருக்கிறது" என்று அதே சொற்களில் சொல்லுங்கள். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே இழக்க நேரலாம்.

முதலில் மூன்று கேள்விகள்

எல்லா வேலைகளும் நின்றுவிட்டனவா, ஒன்று மட்டும்தானா? இதுதான் முதல் கேள்வி. நான்கும் நின்றுவிட்டால் குறை நான்குக்கும் பொதுவான பாதையில் இருக்கிறது: தொட்டி, உறிஞ்சும் குழாய், பிடிஓ, பம்பு, ரிலீஃப் வால்வு (அழுத்தம் அளவு மீறினால் எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பிவிடுவது), நடுவில் இருக்கும் சுழல் இணைப்பு. ஒன்று மட்டும் நின்றுவிட்டால் பொதுப்பாதை நலமாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஒன்றின் லீவர், அதன் ஸ்பூல் (வால்வுக்குள் நகர்ந்து எண்ணெய்க்கு வழி திறக்கும் தண்டு), அதன் ஹோஸ்கள், அதன் சிலிண்டர் அல்லது மோட்டார் மட்டும் பார்த்தால் போதும். ஒரே கேள்வியில் பாதி வண்டியைப் பார்க்கும் வேலை மிச்சம்.

வேகம் குறைந்ததா, பலம் குறைந்ததா? இரண்டும் வேறுவேறு நோய்கள். பம்பு தருவது எண்ணெயின் ஓட்டத்தை மட்டும்தான். அந்த ஓட்டத்தைச் சுமை எதிர்க்கும்போதுதான் அழுத்தம் உருவாகிறது. வெற்றுக் கொக்கியே மெதுவாக ஏறுகிறது என்றால் ஓட்டம் குறைகிறது: உறிஞ்சும் பக்கத்தில் அடைப்பு, காற்று, இன்ஜின் வேகக் குறைவு, இப்படிப் பாருங்கள். வெற்றுக் கொக்கி வழக்கமான வேகத்தில் ஏறி, சுமை வந்ததும் நின்றுவிடுகிறது என்றால் அழுத்தம் எங்கேயோ தப்பிப் போகிறது: ரிலீஃப் வால்வு, தேய்ந்த பம்பு, உள் கசிவு.

காலையில் ஓடி, மதியம் நிற்கிறதா? சூடானதும் எண்ணெய் இளகிவிடும். தேய்ந்த இடுக்குகள் வழியாக எளிதில் நழுவிவிடும். அதனால் சூட்டில் மட்டும் வரும் குறை பெரும்பாலும் தேய்மானம். மாறாக, கடும் குளிரில் மட்டும் வந்து பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டால், எண்ணெய் தடித்துப்போய் உறிஞ்ச முடியாமல் இருக்கிறது.

இந்த மூன்றுக்கும் பதிலை எழுதிவைத்துவிட்டு வாருங்கள். அப்புறம் தொட்டிக்குப் போகலாம்.

தொட்டி

எண்ணெய் மட்டத்தை எல்லா சிலிண்டர்களும் சுருங்கிய நிலையில்தான் பார்க்க வேண்டும். பூம் நீண்டிருக்கும்போது பார்த்தால் மட்டம் குறைவாகத் தெரியும். அதை நம்பி ஊற்றினால், சுருக்கும்போது தொட்டி வழிந்து தெருவெல்லாம் எண்ணெயாகிவிடும்.

அளவுகோலை இழுத்து எண்ணெயை முகர்ந்து பாருங்கள். கருகிய வாசனை வந்தால் எங்கேயோ நெடுநேரம் ரிலீஃப் வால்வு வழியாக எண்ணெய் வடிந்து சூடாகியிருக்கிறது. பால் கலந்த காபி போலக் கலங்கியிருந்தால் தண்ணீர் அல்லது காற்று. இரண்டையும் பிரித்தறிய ஒரு பாட்டிலில் எடுத்து வையுங்கள். காற்றாக இருந்தால் சற்று நேரத்தில் தெளியும். தண்ணீராக இருந்தால் கலக்கம் அப்படியே நிற்கும். சந்தேகமிருந்தால் சூடான தகட்டில் ஒரு சொட்டு விடுங்கள், படபடவென்று பொரிந்தால் தண்ணீர்தான். வெளியில் பல வருடம் மழையில் நின்ற வண்டியில் காற்றுமூடி உடைந்து, தொட்டிக்குள் மழைநீர் இறங்கியிருப்பது சாதாரணம்.

மேலே எண்ணெயை மட்டும் மாற்றினால் போதாது. தொட்டியை முழுக்க வடித்து, மூடியைத் திறந்து, அடியில் படிந்த சேற்றைத் துணியால் துடைத்தெடுங்கள். நூல் பிரியும் பஞ்சுத்துணி வேண்டாம். உள்ளே இருக்கும் சல்லடையைக் கழற்றிப் பாருங்கள். பல வண்டிகளின் பிரச்சினை இங்கேயே முடிந்துவிடும்: சல்லடை முழுக்க வண்டலும் துருவும் அப்பிக்கொண்டு, எண்ணெய்க்கு வழியே இல்லாமல் இருக்கும்.

கழற்றிய பழைய பில்டரைத் தூக்கிப் போடாதீர்கள், அது வண்டியின் ரத்தப் பரிசோதனை அறிக்கை. வெட்டித் திறந்து வெள்ளைத் தாளில் தட்டுங்கள். காந்தத்தில் ஒட்டும் இரும்புச் சீவல்கள் இருந்தால் பம்போ மோட்டாரோ தின்னப்படுகிறது. பொன்னிறத் துகள்கள் பம்பின் தட்டுகளிலிருந்தோ புஷ்களிலிருந்தோ வந்திருக்கலாம். கறுப்பு ரப்பர்த் துணுக்குகள் ஹோஸின் உள்ளுறை அல்லது சீல்.

என்ன எண்ணெய் ஊற்றுவது? கையேட்டின் மசகு அட்டவணை சொல்வதை மட்டும். இந்த இடத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது. எம்39, எம்809 வரிசை வண்டிகளின் பிரேக், காற்றும் பிரேக் ஆயிலும் சேர்ந்து வேலை செய்யும் வகை. அதாவது ஒரே வண்டியில் இரண்டு விதமான திரவம். யாராவது தவறி கிரேன் தொட்டியில் பிரேக் ஆயிலை ஊற்றிவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் எல்லாம் ஊதிக் கெட்டுவிடும். முந்தைய உரிமையாளர் என்ன ஊற்றினார் என்று தெரியாவிட்டால் முழுக்க வடித்துவிட்டுத் தொடங்குவதே நல்லது.

தொட்டியிலிருந்து பம்பு வரை

இந்தக் குட்டி ஹோஸைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். இதில் அழுத்தம் இல்லை, அதனால் கசிந்து காட்டிக்கொடுக்காது. பம்பு இழுப்பதால் உள்ளே வெற்றிடம்தான். ஓட்டை இருந்தால் எண்ணெய் வெளியே வராது, காற்று உள்ளே போகும். நின்ற வண்டிக்கு அடியில் தரை காய்ந்திருக்கிறது என்று நினைத்துக் கடந்துவிடுவோம்.

முதலில் காதால் கேளுங்கள். இடைவிடாத கீச்சென்ற ஊளைச் சத்தம் வந்தால் பம்புக்கு எண்ணெய் போதவில்லை: அடைப்பு, சுருங்கிய ஹோஸ், குளிரில் தடித்த எண்ணெய். தகரத்தில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போலக் கடகடத்தால் காற்று கலந்து வருகிறது. தொட்டி மூடியைத் திறந்து பாருங்கள், நுரை பொங்கி நிற்கும்.

காற்று எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: ஷேவிங் நுரை. சுற்றிக்கொண்டிருக்கும் ஷாஃப்டிலிருந்து நன்றாகத் தள்ளி உள்ள ஒவ்வொரு உறிஞ்சும் இணைப்பின் மேலும் கெட்டியாக அப்பிவிட்டு இன்ஜினை மெதுவாக ஓடவிடுங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் நுரையில் ஒரு குழி விழும். பம்புக்கு அருகில் உள்ள இணைப்புகளுக்கு இன்ஜினை அணைத்துவிட்டு நுரை பூசி, விலகி வந்த பிறகு இயக்கச் சொல்லிப் பாருங்கள். பம்பின் ஷாஃப்ட் சீல் தேய்ந்திருந்தாலும் அந்த வழியாகக் காற்றை இழுக்கும், அதை மறக்காதீர்கள்.

அப்புறம் ஹோஸ். இருபது வருடத்துக்கு மேல் பழையதென்றால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். மாற்றும்போது உறிஞ்சுவதற்கென்றே உள்ளே சுருள்கம்பி வைத்த ஹோஸைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண ஹோஸைப் போட்டால் பம்பின் இழுப்பில் அது சப்பையாகிவிடும். தொட்டிக்கும் ஹோஸுக்கும் நடுவில் அடைப்பு வால்வு இருக்கும் வண்டியாக இருந்தால் அது முழுக்கத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். மூடியிருக்கும் வால்வோடு பம்பை ஓட்டினால் சில நிமிடங்களில் புதுப் பம்பும் கெட்டுவிடும்.

பம்பு உண்மையிலேயே சுற்றுகிறதா

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். இந்த ரெக்கர்களில் கிரேன் பம்புக்கான சக்தி டிரான்ஸ்பர் கேஸ் பக்கத்திலிருந்து எடுக்கப்படுகிறது. அதனால் டிரான்ஸ்பர் நியூட்ரலில் இருக்க வேண்டும், ஆனால் கியர்பாக்ஸ் கியரில் இருக்க வேண்டும். மற்ற லாரிகள் ஓட்டிப் பழகியவர் பிடிஓவைப் போட்டுவிட்டு கியர்பாக்ஸை நியூட்ரலிலேயே விட்டுவிடுவார். பம்பு சும்மா நிற்கும். எந்த கியர், எந்த வரிசை என்பது டாஷ்போர்டில் அடித்திருக்கும் தகட்டில் இருக்கும். தகடு தேய்ந்துபோயிருந்தால் 10 என்று முடியும் கையேட்டில் இருக்கிறது.

வரிசை சரி, ஆனாலும் ஓடவில்லை என்றால் இன்ஜினை அணைத்துவிட்டு, பம்புக்குப் போகும் ஷாஃப்டில் சாக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். ஒருவர் உள்ளே இயக்க, மற்றவர் தள்ளி நின்று டார்ச் வெளிச்சத்தில் கோடு சுற்றுகிறதா என்று பார்க்கட்டும். சுற்றும் ஷாஃப்டுக்குப் பக்கத்தில் தொங்கும் சட்டைக் கையோ, துண்டோ, நீளமான தலைமுடியோ இருக்கக்கூடாது.

ஷாஃப்ட் சுற்றவில்லை என்றால் பிடிஓ லீவரின் இணைப்புக் கம்பி, அதன் பின்கள், உள்ளே கியர் முழுக்க இணைகிறதா என்று பாருங்கள். ஷாஃப்ட் சுற்றியும் எண்ணெய் வரவில்லை என்றால் பம்பையும் ஷாஃப்டையும் பிணைக்கும் சாவிக்கட்டை (கீ) வெட்டுப்பட்டிருக்கலாம், அல்லது ஸ்பிளைன் பற்கள் தேய்ந்து வழுக்கலாம். யாராவது சமீபத்தில் பம்பை மாற்றியிருந்தால் அது சுற்றும் திசை சரியானதா என்றும் பாருங்கள். பல பம்புகளை இடம் வலம் இரண்டு விதமாகவும் பூட்ட முடியும். தவறான பக்கம் பூட்டியது ஒரு சொட்டும் தள்ளாது.

உங்கள் பம்பு தகடுகள் வைத்த வேன் வகையாக இருந்தால் இன்னொரு நோய் உண்டு. வருடக்கணக்கில் நின்ற வண்டியில் பழைய எண்ணெய் பிசினாகி, தகடுகள் அவற்றின் பள்ளங்களிலேயே ஒட்டிக்கொள்ளும். சுற்றினாலும் வெளியே வராது. கழற்றிக் கழுவினால் உயிர் பெற்றுவிடும், புதிது வாங்க வேண்டியதில்லை.

அழுத்தத்தை அளப்பது

இதுவரை எல்லாம் சரியாக இருந்தால்தான் கேஜை எடுக்க வேண்டும். 3,000 பிஎஸ்ஐ வரை காட்டும், கிளிசரின் நிரப்பிய கேஜ் ஒன்று வாங்குங்கள். இந்த வேலையில் இதைவிடப் பயனுள்ள செலவு வேறில்லை. பம்பிலிருந்து வெளிவரும் குழாயில் ஒரு டீ இணைப்பு வைத்து மாட்டுங்கள். எண்ணெய் சூடாகும்வரை சும்மா ஓடவிட்டு, கையேடு சொல்லும் இன்ஜின் வேகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூம் தாங்கியில் இருக்கட்டும். நீட்டிச் சுருக்கும் லீவரைச் சுருக்கும் பக்கம் இழுத்து, சிலிண்டர் முடிவுக்கு வந்து முட்டி நின்ற பிறகும் இரண்டு மூன்று நொடி பிடித்துக் கேஜைப் படியுங்கள். அதற்கு மேல் பிடிக்காதீர்கள். அந்த நேரம் முழுக்க எண்ணெய் ரிலீஃப் வால்வு வழியாகப் பாய்ந்து சூடாகிக்கொண்டிருக்கும்.

கையேட்டில் உள்ள எண் வந்தால் பம்பும் ரிலீஃபும் நலம். எண் குறைவாக, ஆனால் அசையாமல் நின்றால் ரிலீஃப் வால்வைச் சந்தேகப்படுங்கள். முள் நடுங்கினால் காற்று. இன்ஜின் வேகத்தை ஏற்றும்போது மட்டும் எண் ஏறுகிறது என்றால் தேய்ந்த பம்பு அல்லது வழியில் எங்கேயோ உள் கசிவு.

ரிலீஃப் வால்வைத் தொடும்போது நிதானம் வேண்டும். பலம் குறைந்ததும் அதன் திருகை இறுக்குவது பழைய பழக்கம், அதைச் செய்யாதீர்கள். இன்ஜினை அணைத்து அழுத்தத்தை இறக்கிவிட்டு, திருகின் இப்போதைய இடத்தைக் குறித்து, வெளியே வரும்வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி, கழற்றி உள்ளே பாருங்கள். இருக்கையில் ஒரு துரும்பு சிக்கியிருக்கும், ஸ்பிரிங் உடைந்திருக்கும், அல்லது ஓ-ரிங் அறுந்திருக்கும். சுத்தம் செய்து அதே சுற்றுக்குப் பூட்டிவிட்டு மறுபடி அளங்கள். திருகுவது கேஜ் கண்ணெதிரே இருக்கும்போது மட்டும்.

பம்பின் வாயை அடைத்துச் சோதித்துப் பார்க்கச் சொல்பவர்களும் உண்டு. ஒருபோதும் வேண்டாம். பம்புக்கும் நீங்கள் போட்ட அடைப்புக்கும் நடுவில் ரிலீஃப் வால்வு இல்லையென்றால், எண்ணெய்க்குப் போக வழி இல்லாமல் பம்பின் உடலே பிளக்கும்.

நடுவில் இருக்கும் சுழல் இணைப்பு

பம்பும் தொட்டியும் வண்டியோடு நிற்கின்றன; வால்வுகளும் பூமும் சுழல்கின்றன. நிற்கும் பக்கத்திலிருந்து சுழலும் பக்கத்துக்கு எண்ணெயைக் கொண்டு செல்வது சுழல் மேடையின் நடுவில் இருக்கும் இணைப்பு. ஒரு உருளைக்குள் இன்னொரு உருளை. இரண்டுக்கும் நடுவில் வளையப் பள்ளங்கள். பள்ளங்களைப் பிரித்து வைப்பவை சீல்கள். அழுத்தத்தில் போகும் எண்ணெய்க்கு ஒரு பள்ளம், திரும்பி வருவதற்கு ஒரு பள்ளம்.

வெளிப்புற சீல் போனால் நடுவிலிருந்து சட்டத்தின் மேல் எண்ணெய் ஒழுகும், எளிதில் தெரிந்துவிடும். நடுவில் இருக்கும் சீல் போனால் வெளியே ஒரு சொட்டும் வராது. அழுத்தப் பள்ளத்திலிருந்து திரும்பும் பள்ளத்துக்கு உள்ளுக்குள்ளேயே பாய்ந்து, தொட்டிக்குப் போய்விடும். அறிகுறிகள் அச்சு அசலாகத் தேய்ந்த பம்பைப் போலவே இருக்கும். நல்ல பம்பை மாற்றிவிட்டு, புதுப் பம்பும் பலமில்லாமல் இருக்கிறதே என்று தலையில் கைவைத்து உட்காருவது இதனால்தான்.

பிடிப்பதற்கு மூன்று துப்புகள். பூம் ஒரு பக்கம் இருக்கும்போது பலமும், இன்னொரு பக்கம் திரும்பியதும் பலவீனமும் தெரிந்தால் முதலில் இதைப் பாருங்கள். உருளையில் ஒரு பக்கம் கீறல் இருக்கலாம். லீவரைப் பிடித்து நிற்கும்போது இணைப்பின் உடல் மற்ற குழாய்களைவிட வேகமாகச் சூடாகும். அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் தொடாமலே தெரியும். மூன்றாவது, உறுதியான சோதனை. இன்ஜினை அணைத்து, அழுத்தத்தை இறக்கி, இணைப்பின் மேல்பக்க அழுத்த வழியை அடைத்துவிடுங்கள். கீழ்ப்பக்க அழுத்த வழியில் கேஜோடு கூடிய ஒரு கைப்பம்பை மாட்டி மெல்ல அழுத்தம் கொடுங்கள். திரும்பும் வழியைத் திறந்து வைத்துக் கீழே ஒரு தட்டு வையுங்கள். அங்கே எண்ணெய் வடிந்து, கேஜ் முள் இறங்கிக்கொண்டே வந்தால் குறை கையில் சிக்கிவிட்டது. சீல் மாற்றும்போது உருளையின் பளபளப்பை விரல் நகத்தால் சோதியுங்கள். நகம் தட்டும் அளவுக்குக் கீறல் இருந்தால் புது சீலும் சில மாதம்தான் தாங்கும்.

ஒரு வேலை மட்டும் நின்றால்

லீவரை மட்டும் நம்பாமல் வால்வுக்குப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். நடுவில் பின் விழுந்து, லீவர் முழுக்க நகர்ந்தாலும் ஸ்பூல் பாதிதான் நகரும். துருப்பிடித்த ஸ்பூலைச் சுத்தியால் அடிக்காதீர்கள். துரு நீக்கும் எண்ணெய் தெளித்து, ஒரு நாள் ஊறவிட்டுக் கையால் அசைத்துப் பாருங்கள்.

பூம் தானாகக் கீழே இறங்குகிறது என்பது இந்த வண்டிகளில் அடிக்கடி கேட்கும் குறை. எல்லோரும் சிலிண்டரின் பிஸ்டன் சீலைக் குற்றம் சொல்வார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் வழி முழுக்க அடைபட்டிருந்தால், பிஸ்டன் சீல் போயிருந்தாலும் ராடு உள்ளே இறங்க முடியாது. இறங்கும் ராடுக்கு இடம் கொடுக்க எண்ணெய் எங்காவது வெளியேற வேண்டும் அல்லவா? ஆகவே வெளியே கசிவு எதுவும் இல்லாமல் பூம் இறங்குகிறது என்றால் வால்வின் ஸ்பூல் வழியாகவும் எண்ணெய் தப்பிக்கிறது. சீலை மட்டும் மாற்றிவிட்டு முடிந்தது என்று எண்ண வேண்டாம்.

சீலைத் தனியே சோதிக்க: பூம் தாங்கியில் அழுந்தி இருக்கட்டும். கீழிறக்கவும் எண்ணெய் போகும் இருவழி சிலிண்டராக இருந்தால், அதன் அடிப்பக்க ஹோஸைக் கழற்றி, ஹோஸ் முனையை மூடியால் அடைத்துவிட்டு, சிலிண்டரின் திறந்த வாய்க்குக் கீழே வாளி வையுங்கள். எல்லோரும் விலகிய பிறகு, இன்ஜின் மெதுவாக ஓட, கீழிறக்கும் லீவரை லேசாக இழுங்கள். முதலில் கொஞ்சம் வடிவது இயல்பு. விடாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிஸ்டன் சீல் போய்விட்டது. நீட்டும் சிலிண்டரையும் முழுக்கச் சுருங்கிய நிலையில் இதே மாதிரி பார்க்கலாம். பூமைத் தூக்கி வைத்துக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

சுழற்றும் பக்கம் கனமாக இருந்தால் முதலில் கிரீஸ். பல வருடம் கிரீஸ் காணாத சுழல் மேடைக்கு எந்த மோட்டாரும் போதாது. கொக்கியில் சுமை தொங்கும்போது லேசாக நழுவினால், மெதுவாகத் தரையில் இறக்கிவிட்டு அத்தோடு நிறுத்துங்கள். மோட்டார், கம்பிவடத்தைச் சுற்றும் வின்ச்சின் வார்ம் கியர் இரண்டையும் பார்க்காமல் மறுபடி ஒரு செங்கல்லைக்கூடத் தூக்க வேண்டாம்.

திரும்ப ஓட்டுவது

எண்ணெயைச் சுத்தமான புனல், சல்லடை வழியாக ஊற்றுங்கள். புதுப் பம்பு அல்லது கழுவிய பம்பு என்றால் பூட்டும் முன் அதற்குள்ளேயே எண்ணெய் ஊற்றிக் கையால் சுற்றிவிடுங்கள். முதல் சில நொடிகள் அது வறண்டு ஓடக்கூடாது. இன்ஜினை மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, சுமை இல்லாமல் ஒவ்வொரு லீவரையும் முழு நீளத்துக்கும் மெதுவாக நாலைந்து முறை இயக்குங்கள். உள்ளே சிக்கிய காற்று தொட்டிக்குத் திரும்பும். நடுநடுவே நிறுத்தி மட்டம் பாருங்கள், குறைந்துகொண்டே வரும்.

நுரை அடங்கிய பிறகு, பூம் தாழ்வாக இருந்து முழு உயரம் போக எத்தனை நொடி என்று கடிகாரம் வைத்து அளங்கள். எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது ஒரு முறை, நன்றாகச் சூடான பின் ஒரு முறை. அழுத்தத்தையும் மறுபடி படியுங்கள். வண்டி சாயாமல் தாங்கும் பக்கவாட்டுத் தாங்கிகளை (அவுட்ரிகர்) விரித்து, எடை தெரிந்த சிறு சுமையைத் தரையிலிருந்து ஒரு அடி மட்டும் தூக்கிப் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். கொக்கி எவ்வளவு இறங்கியது என்று அளவுகோலால் அளந்து, நொடிகளையும் அழுத்தத்தையும் அதையும் தேதியோடு தொட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிய அந்த அட்டையில் எழுதிவிடுங்கள். பத்து மணி நேரம் ஓடிய பின் புது பில்டரையும் மாற்றி, கழற்றியதை வெட்டித் தாளில் தட்டிப் பாருங்கள். பழைய அழுக்கின் மிச்சம் அதில்தான் வந்து சேர்ந்திருக்கும்.